75,000 வர வேண்டிய இடத்தில் 58,087 வந்திருக்கிறது, உதவுங்கள்

புதுவேலை_சென்னை: அவசரம். ஆண்டுக்கு 9 லட்சம் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். 12ஆல் வகுத்தால் 75,000. நேற்று வங்கிக் கணக்கில் விழுந்தது 58,087. போன மாதத்தைவிட 1,250 குறைவு வேறு. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. யாரிடம் புகார் செய்வது?

மயிலைவாசி: 9 லட்சம் என்பது சி.டி.சி.யா, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவா, இல்லை பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளமா? பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? எந்த மாதச் சம்பளம்?

பொன்னி: இ.எஸ்.ஐ., அதுதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, பிடித்திருப்பார்கள். என் தம்பிக்கும் இப்படித்தான்.

கணக்கர்63: சம்பளம் 21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது அம்மா. தம்பி, பே ஸ்லிப் என்று ஒன்று மாதாமாதம் வருமே, அதைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கலாம். முப்பது வருடமாக இதையேதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேலம்_ரகு: அந்த 1,250 எனக்குத் தெரியும். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதியில், ஓய்வூதியக் கணக்குக்குப் போவது. உச்சவரம்பான 15,000 ரூபாயில் 8.33 சதவீதம். போட்டுப் பாருங்கள், அச்சு அசலாக அதே தொகை.

மயிலைவாசி: தொகை ஒன்று என்பதற்காகக் கணக்கும் ஒன்றாகிவிடுமா ரகு? ஓய்வூதியப் பங்கு நிறுவனம் கட்டும் 12 சதவீதத்திலிருந்து மாதந்தோறும் போவது. இது செப்டம்பர் சம்பளமாக இருந்தால் தொழில் வரி. மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது. அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250.

புதுவேலை_சென்னை: செப்டம்பர்தான். ஏப்ரலில் சேர்ந்தேன். ஸ்லிப்பில் பேஸிக் 37,500, மொத்தம் 68,696. பிடித்தம்: பி.எஃப். 4,500, தொழில் வரி 1,250, டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) 4,859. மொத்தமே 75,000 இல்லையே?

மயிலைவாசி: நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 4,500, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பேஸிக்கில் 4.81 சதவீதமாக 1,804, இரண்டும் அந்த 75,000க்குள் அடக்கம். கழித்தால் 68,696. அதில் தவறில்லை. டி.டி.எஸ்.தான் உறுத்துகிறது. 2025-26இல் புதிய வருமான வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. பழைய முறையில் போட்டுப் பார்த்தேன்: நிலையான கழிவு 50,000, பி.எஃப். 54,000, தொழில் வரி 2,500 மட்டும் கழித்தால் வரி 58,313. பன்னிரண்டில் ஒரு பங்கு 4,859. சேரும்போது எதில் டிக் அடித்தீர்கள்?

சேலம்_ரகு: அது கிடக்கட்டும். நிறுவனம் போட வேண்டிய பி.எஃப்.பை நம் சம்பளக் கணக்கிலேயே காட்டுவது பகல் கொள்ளை இல்லையா? 15,000க்கு மட்டும் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். மாதம் 1,800 போதும்.

கணக்கர்63: 1,800 பிடித்தால் மீதி 2,700 எங்கே போகும்? செல்பேசித் தவணைக்கு. பி.எஃப்.புக்கு 2024-25இல் 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். உங்கள் சீட்டுக்காரர் கொடுப்பாரா?

சேலம்_ரகு: சீட்டைப் பற்றி நான் பேசவே இல்லையே ஐயா.

கணக்கர்63: பேசுவீர்கள்.

புதுவேலை_சென்னை: எச்.ஆரிடம் கேட்டேன். பழைய முறைதான். வாடகைக்குக் கழிவு கிடைக்கும் என்று நண்பன் சொல்லி டிக் அடித்தது. ரசீது கொடுக்கவே இல்லை. இந்த ஆண்டு மாற்ற மாட்டார்களாம்.

மயிலைவாசி: வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த டி.டி.எஸ். முழுவதும் திரும்பி வரும். கெடு தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புதுவேலை_சென்னை: நன்றி.

பொன்னி: என் தம்பிக்குச் சம்பளம் 19,500. அப்படியென்றால் அவனுக்குப் பிடிப்பது இ.எஸ்.ஐ.தானே?