உப்புவெளிக் கடற்கரை: கரைவலைப் பாடுகளுக்கு இனி இடம் உண்டா?

கரையூரான்:
திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே சில கிலோமீற்றர் போனால் உப்புவெளி. இன்று அங்கே முதலில் கண்ணில் படுவன விடுதிப் பெயர்ப்பலகைகள். ஊர் நகரத்தோடு சேர்வதை நான் எதிர்க்கவில்லை. கரைவலைப் பாடுகளை, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடங்களை, வரைபடத்தில் குறிக்காமலே கட்டட அனுமதி வழங்குவதைத்தான் எதிர்க்கிறேன். கரைவலைக்கு வள்ளமும் வலையும் மட்டும் போதா. இரு கயிறுகளையும் பிடித்துப் பின்னோக்கி நடந்து இழுக்க நீண்ட வெறும் மணல் வேண்டும். வலை உலர்த்த இடமும் மீனவர் தங்கும் குடிலான வாடியும் வேண்டும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் எங்கள் கரையில் இத்தொழில் பெரும்பாலும் பங்குனி முதல் புரட்டாதி வரைதான் நடக்கிறது. உல்லாசப் பயணிகள் வருவதும் அதே மாதங்களில் என்பதால், காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை இங்கே செல்லாது.

அலஸ்தோட்டம் வாசி:
ஐயா, பழைய உப்புவெளியை வெறும் மீன்பிடிக் கிராமமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரித்தானியரின் கடற்படைத் தளம் 1957 வரை திருகோணமலையில் இருந்தது. அதன் கூலியும் வியாபாரமும் சுற்றுவட்டார ஊர்களையும் தொட்டன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் உப்புவெளியிலேயே வீதியோரம் இருக்கிறது. 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் அமைந்தபோது உத்தியோகத்தர்கள் வாடகை வீடு தேடிப் பட்டினத்துக்கு வெளியே வந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1990இல் உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்து போய்ப் பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நிமிர்ந்து நிற்க வழி தந்தது வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டதுதான். அந்த வருமானத்தில்தான் என் தங்கைமார் படித்தார்கள். அதைக் குற்றம்போலப் பேசுவது மனதை வருத்துகிறது.

கரையூரான்:
தம்பி, இரண்டு அறை வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவித்தார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அச்சத்தாலும் வறுமையாலும் கரைக்காணியை விற்று உள்ளே போனவர், தடை தளர்ந்த பின் அந்தக் காணியை மீண்டும் வாங்கும் நிலையில் இல்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கும்போது, வலை இழுப்பவரின் மணலை அனுமதி வழங்குமுன் பார்க்க வேண்டியது கடமை அல்லவா?

கிணற்றடி:
நீங்கள் இருவரும் கரையையே பேசுகிறீர்கள். வீதிக்கு மேற்கே குடியிருக்கும் எங்களுக்குத் தண்ணீர்தான் கவலை. இது மணல் நிலம். நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. பெரிய மோட்டார்களால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். மலக்குழி அருகே இருந்தால் கிணறு கெடும். கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய்நீர் வருகிறது என்று சொல்லிக் கிணறுகளைக் கைவிடுவது அறிவீனம். கழிவுநீருக்கு வழி செய்யாமல் மூன்றாம் மாடிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் தேங்கும் நீர் எந்தக் குழியிலிருந்து பொங்கியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அலஸ்தோட்டம் வாசி:
கழிவுநீர் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். விடுதி நடத்துபவர்களே அதற்கான செலவில் பங்கு கொடுக்க வேண்டும். பாடுகளைப் பொறுத்தவரை, நெடுங்காலமாக வலை இழுக்காத இடத்தையும் பாடு என்று அடைத்து வைத்தால் ஊரில் எவரும் எதையும் கட்ட முடியாது. ஐந்து ஆண்டுகள் பயன்படாத பாட்டை நீக்கலாம் என்பது என் கருத்து.

கரையூரான்:
உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் இப்படியொரு விதி இருந்திருந்தால் எங்கள் கரையில் ஒரு பாடும் மிஞ்சியிராது. வலை இழுக்காத ஆண்டுகளை எண்ணுமுன் ஏன் இழுக்கவில்லை என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் மீனவர் சங்கத்திடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு பிரதேச சபையின் கைக்கு வரும்வரை கரையில் புதிய மதில் ஒன்றுக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

அலஸ்தோட்டம் வாசி:
பதிவுக்கு நான் உடன்படுகிறேன், ஐயா. அது முடியும்வரை எல்லா அனுமதியையும் நிறுத்துவதற்கு உடன்படமாட்டேன். பெரிய விடுதிகள் பொறுத்திருக்கும், கடன் எடுத்து அத்திவாரம் போட்ட சிறிய குடும்பங்கள் பொறுத்திருக்க முடியாது.