‘ஓப்பன் பெரில்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

க. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழர்களுக்கான காப்பீட்டுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலிசி, பிரீமியம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ‘நேம்டு பெரில்ஸ்’, ‘ஓப்பன் பெரில்ஸ்’ இரண்டும்தான் படுத்துகின்றன. அங்கே பரவலாக எடுக்கும் எச்ஓ-3 என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் இரண்டுமே உண்டு. வீட்டுச் சாமான்களுக்கு முதல் வகை: தீ, மின்னல், திருட்டு என்று 16 இடர்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கும், அவற்றால் சேதமானால்தான் பணம். கட்டடத்துக்கு இரண்டாம் வகை: விலக்கிய காரணங்கள் போக வேறு எதனால் சேதமானாலும் பணம். ‘சுட்டிய இடர்’, ‘அனைத்திடர்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மா. எழுதியது:
சுட்டிய இடர் நன்று. அனைத்திடர் ஆபத்து. வெள்ளமும் நிலநடுக்கமும் எச்ஓ-3இல் விலக்கப்பட்டவை. வெள்ளத்துக்கு 1968இல் சட்டமாகிய அரசுத் திட்டம் தனியாக இருக்கிறது. அதிலும் காப்பு தொடங்கப் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். அனைத்திடர் என்று படித்தவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு உங்களைத்தான் தேடுவார். ‘விலக்கொழி காப்பு’ என்று போடுங்கள். பொதுவிதியால் வந்ததைத் தனிவிதியால் தடுப்பதை இலக்கண உரையாசிரியர்கள் ‘எய்தியது விலக்கல்’ என்பார்களே, அதேதான் இது. கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் ‘எண்டார்ஸ்மென்ட்’ எதுவென்றால், வராததை வரவழைக்கும் ‘எய்தாதது எய்துவித்தல்’!

செ. எழுதியது:
ஐயா, ரசித்தேன். ஆனால் விலக்கொழி காப்பு என்றதும் ‘விலக்கே இல்லாத காப்பு’ என்றுதான் எனக்குப் பொருள்பட்டது. நேர் எதிர். அப்புறம், ‘வீட்டு விலக்கு’ என்பதற்குப் பேச்சில் வேறு பொருள் இருப்பதையும் யோசியுங்கள். தலைப்பைப் பார்த்தே சிரிப்பார்கள்.

மா. எழுதியது:
‘அவன் ஒழிய மற்றவர்’ என்பதில் அவனை அழித்துவிட்டோமா? ஒழி என்பதற்கு ‘நீங்கலாக’ என்ற பொருள் இன்றும் வழக்கில் உள்ளது. அதுவும் போக, ‘இடர்’ என்பதே எனக்கு உடன்பாடில்லை. இடர் நாம் படும் துன்பம். துன்பத்துக்குக் காரணமானது ‘ஏதம்’. ‘காப்பீடு’ என்பதில் ‘ஈடு’ அடைமானமா, இழப்புக்கு நிகரா என்று முதலில் தீர்த்துக்கொண்டால்...

செ. எழுதியது:
ஐயா, வெள்ளிக்கிழமை.

வ. எழுதியது:
நான் காப்பீட்டு முகவர், இலக்கணம் சுமார்தான். வாடிக்கையாளரிடம் நான் சொல்வது இது. கூடத்தில் பெயின்ட் டப்பா கவிழ்கிறது. தரையோடு ஒட்டிய கார்ப்பெட் பொதுவாகக் கட்டடத்தில் சேர்த்தி. பெயின்ட் கொட்டுவது விலக்கில் இல்லை, பணம் வரும். மேலே விரித்திருந்த கம்பளம் சாமான். பெயின்ட் கொட்டுவது அந்த 16இல் இல்லை, பணம் வராது. ஒரே டப்பா, ஒரே கறை. இன்னொன்றும் உண்டு. சுட்டிய இடர் என்றால் ‘இதனால்தான் சேதம்’ என்று நாம் காட்ட வேண்டும். மற்றதில், சேதம் நேர்ந்தது என்று நாம் காட்டினால் போதும். ‘இது விலக்கில் வருகிறது’ என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது. வழக்கு என்று வந்தால் அங்கேதான் இழுபறி. சாமானுக்கும் கட்டடத்தைப் போலவே வேண்டுமென்றால் எச்ஓ-5 எடுக்கலாம், பிரீமியம் கூடும். இவ்வளவும் உங்கள் சொல்லில் வருமா?

செ. எழுதியது:
சொல்லில் எதற்கு வர வேண்டும்? ‘பட்டியல் காப்பு’, ‘விலக்குப்பட்டியல் காப்பு’ என்று வையுங்கள். இரண்டிலும் பட்டியல் இருக்கிறது: ஒன்றில் கிடைப்பவை, இன்னொன்றில் கிடைக்காதவை. கையேட்டில் வ. சொன்ன பெயின்ட் கதையைக் கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள்.

க. எழுதியது:
நாலு பேர் தனிமடலிலும் செ.வின் சொற்களையே ஆதரித்திருக்கிறார்கள். அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். கதையும் கட்டத்தில் வருகிறது. மா. ஐயா பொறுத்தருள வேண்டும்.

மா. எழுதியது:
பொறுத்தேன், ஏற்கவில்லை. விலக்குப்பட்டியலில் இருப்பதற்குத்தான் காப்பு என்று படிக்கவும் உங்கள் தொடர் இடம் தருகிறது. செ.வைக் கேளுங்கள், அதைப் பிரித்துப் பொருள் சொல்லட்டும். இழப்பில் நம் பங்காக நாமே ஏற்கும் தொகை, அந்த ‘டிடக்டிபிள்’ என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

க. எழுதியது:
‘கழிவு’. வேண்டாம் என்று இப்போதே பலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்குத் தனி இழை திறக்கிறேன்.