சூடானதும் மூன்றாவது சிலிண்டர் விழுகிறது, கோடு பி0203: இன்ஜெக்டரா, ஒயரிங்கா?

உசிலம்பட்டி பூ வண்டி:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் டீசல் பிக்கப். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகை), 4 சிலிண்டர், 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சுற்றுவட்டத் தோட்டங்களில் மல்லிகையும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும்.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. செக்கானூரணி வரை ஒரு குறையும் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, வண்டி உதறுகிறது, இழுவை போய்விடுகிறது, செக் லைட் எரிகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் மறுபடி வரும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண் (கோடு) பி0203.

காட்டிய பட்டறையில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விட்டது, மாற்றுவதென்றால் நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. வழியில் நின்றால் பூ வாடிவிடும், விலையும் இறங்கிவிடும், தோட்டக்காரருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பார்க்கத் தெரியும். எங்கே தொடங்குவது?

நாகமலை புதுக்கோட்டை, லோடு வண்டி:

தம்பி, டீசல் ஃபில்டர் மாற்றி எத்தனை நாளாச்சு? எனக்கும் இப்படித்தான் இழுவை போனது, ஃபில்டர் மாற்றியதும் சரியானது.

திருமங்கலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

ஃபில்டர் அடைத்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து திணறும், கோடும் பிரஷரைப் பற்றி வரும். பி0203 என்றால் மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரின் மின் சர்க்யூட்டில் குறை என்று அர்த்தம். இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. ஒயர், ஒயரை மாட்டும் கப்ளர், இன்ஜெக்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம், எதுவாகவும் இருக்கலாம். சூட்டிலும் குலுக்கலிலும் வந்து போகிறது என்றதும் எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம்.

முதலில் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். பழைய பம்ப் வண்டியில் இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். இதில் அந்த வேலையே கூடாது. ரெயிலில் 1,000 பாருக்கு மேல் பிரஷர் ஏறும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதேபோல இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரைப் பிடுங்காதீர்கள். இன்ஜெக்டரைத் திறப்பதற்காக ஈசிஎம் 12 வோல்ட்டை 60, 80 வோல்ட் வரை உயர்த்தி அனுப்புகிறது. உங்களுக்கும் அடிக்கும், ஈசிஎம்மும் போகலாம். இன்ஜெக்டருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக சப்ளை கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம், காயில் கருகிவிடும்.

சாவியை எடுத்து, சில நிமிடம் விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்து என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்கு இன்ஜெக்டரையும் தனித்தனியாக அளந்து, அதை ஒவ்வொன்றிலும் கழியுங்கள். காயில் வகை இன்ஜெக்டர் அரை ஓமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சாதா மீட்டர் அவ்வளவு சின்ன அளவைத் துல்லியமாகக் காட்டாது, அதனால் நான்கும் ஒன்றுபோல் வருகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டரின் கப்ளர் பின்னுக்கும் அதன் பாடிக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. இதை வண்டி சூடாக இருக்கும்போது பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

உசிலம்பட்டி பூ வண்டி:

நன்றிண்ணே. மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் சூட்டோடு சூடாகப் பார்த்தேன். மீட்டர் முனைகளை ஒட்டினால் 0.3 ஓம். இன்ஜெக்டர்கள் வரிசையாக 0.7, 0.7, 0.7, 0.8. பாடிக்குத் தொடர்பு இல்லை. ஈசிஎம் கப்ளரையும் கழற்றி, மூன்றாவது இன்ஜெக்டரின் இரண்டு ஒயரையும் முனைக்கு முனை பார்த்தேன். இரண்டும் 0.5. ஒயரும் நல்லதாகத்தானே தெரிகிறது? அப்படியானால் ஈசிஎம் போய்விட்டதா? பயமாக இருக்கிறது.

திருமங்கலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

பயப்படாதீர்கள், இன்ஜெக்டர் காயில் நன்றாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழாததும் நல்ல சேதி. பல ஈசிஎம்களில் இரண்டிரண்டு இன்ஜெக்டருக்கு ஒரு சர்க்யூட், ஒயர் இன்ஜின் பாடியில் தொட்டு எர்த் ஆனால் ஜோடியாக நிற்கும், சிலதில் வண்டியே நின்றுவிடும்.

ஆனால் ஒயர் நல்லது என்று இன்னும் சொல்ல முடியாது. உள்ளே இருபது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 0.5 காட்டும். மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சின்னது. இன்ஜெக்டர் திறக்கும் அந்த நொடியில் அதே ஒயர் 20 ஆம்பியர் அளவுக்குத் தாங்க வேண்டும். அதனால் ஒயரில் கூடுதல் கரண்ட் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கக் கப்ளரும் கழன்றே இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம். கழற்றிய பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒயரின் ஒரு முனைக்குக் கொடுங்கள். மறுமுனையில் 21 வாட் பிரேக் லைட் பல்பு, அங்கிருந்து அதே பேட்டரி நெகட்டிவ். பல்பு எரியும்போது ஒயரை ஒரு முனையிலிருந்து கையால் வளைத்துக்கொண்டே வாருங்கள். ஒயரின் இரு முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அது கெட்ட ஒயர். கப்ளர் பின்னுக்குள் தடித்த கம்பியைச் செருகாதீர்கள், பின் விரிந்து புதுக் கோளாறு வரும்.

மேலூர், பெட்ரோல் வேன்:

நடுவில் கேட்கிறேன், மன்னியுங்கள். என் பழைய பெட்ரோல் வேனுக்கும் இதே அரை ஓம்தானா?

திருமங்கலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

இல்லை ஐயா. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்டர்கள் 11 முதல் 16 ஓம் வரை இருக்கும், 12 வோல்ட்டிலேயே திறக்கும். கப்ளரில் சின்ன டெஸ்ட் பல்பு மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது மின்னுகிறதா என்று பார்க்கலாம். டீசல் காமன் ரெயிலில் கப்ளரில் அப்படிப் பல்பை மாட்டாதீர்கள்.

உசிலம்பட்டி பூ வண்டி:

அண்ணே, கிடைத்துவிட்டது! ஒரு ஒயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இன்னொன்றில் மங்கலாக எரிந்தது, இன்ஜினுக்குப் பின்னால் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் தொட்டதும் அணைந்தது. மீட்டரில் 4 வோல்ட் விழுந்தது. மேல் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. போன வருஷம் ஹெட் கேஸ்கட் வேலை பார்த்தபோது ஒயரை இறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

திருமங்கலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

டேப் வேண்டாம் தம்பி, அந்தச் சூட்டில் பசை உருகிவிடும். பச்சை பிடித்த பகுதி முழுவதையும் வெட்டுங்கள். அதே கனத்தில் சூடு தாங்கும் ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இரண்டு ஒயரையும் முன்பிருந்தது போலவே ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். இன்ஜின் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு இருக்கட்டும். ஸ்கேனரில் பி0203 கோடை அழித்துவிட்டு லோடோடு ஓட்டிப் பாருங்கள்.

உசிலம்பட்டி பூ வண்டி:

நான்கு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தினமும் லோடோடு போய் வந்தேன், நேற்று ஆண்டிபட்டி கணவாயும் ஏறி இறங்கினேன். மிஸ்ஸிங் இல்லை, செக் லைட் வரவில்லை. ஒயருக்கும் ஸ்லீவுக்கும் ஆன செலவு 180 ரூபாய். அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

திருமங்கலம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

அம்மாவுக்கு என் வணக்கம். நான்காவது இன்ஜெக்டரின் ஒயரும் அதே கிளாம்ப் வழியாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை அதையும் பல்பு போட்டுப் பார்த்துவிட்டு, கிளாம்புக்கு ரப்பர் வையுங்கள்.