புதுப்பிப்பு: இபி-5 முதலீட்டுக்கு 8 லட்சம் டாலர் அனுப்பிய கதை

முதலீடு செய்து அமெரிக்காவில் குடியேற வழிசெய்யும் இபி-5 விசாவுக்குக் கிராமப்புறத் திட்டத்தில் 8 லட்சம் டாலர் போட வேண்டும், ரிசர்வ் வங்கியோ ஆளுக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம்தான் அனுப்ப விடுகிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விசா கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது "மார்ச் கடைசியில் பாதி, ஏப்ரலில் மீதி" யோசனைதான். நானும் மனைவியும் மார்ச்சில் ஆளுக்கு இரண்டரை லட்சம் அனுப்பினோம். நிதியாண்டு மாறியதும் மீதி 3 லட்சம். மனைவிக்கு நான் கொடுத்த பணத்துக்குத் தானப் பத்திரம் எழுதி வைத்தோம்.

எதிர்பாராதது, பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்த 20% டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி. வருமான வரித் தாக்கலில் திரும்பக் கிடைக்கும், சரி. ஆனால் அதுவரை அது முடங்கிக் கிடக்குமே! நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தேன்.

அப்புறம் ஐ-526இ என்ற முதலீட்டாளர் மனுவில், பணம் எப்படி வந்தது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை கூடுதல் ஆதாரம் கேட்டது. நிலம் விற்ற பணம் என்றால், அந்த நிலம் எப்படி வந்தது? தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முத்திரை அழிந்து வெறும் ஊதாக் கறையாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

நேர்காணல் சென்னையில் இல்லை, மும்பையில். இப்போது கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-829 மனுவைப் போட வேண்டும்.