மூங்கில் நாற்று மஞ்சளாகிறது, அவசரம்!

தோப்புக்காரன்: மூங்கில் நாற்று 400 பை வைத்திருக்கிறேன். வளர்ச்சியே இல்லை, இலையெல்லாம் மஞ்சள். டிஏபி உரம் போட்டும் அப்படியே நிற்கிறது. ஐப்பசி மழைக்குள் நட வேண்டும். என்ன உரம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏரிக்கரை: என்ன ரகம்? எத்தனை மாத நாற்று? மஞ்சள் அடி இலையிலா, குருத்திலா?

வேம்பு: வேர்ப்புழுதான், சந்தேகமே வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு வையுங்கள்.

ஏரிக்கரை: போன மாதம் தக்காளிக்கும் இதைத்தானே சொன்னீர்கள்?

நாற்றங்கால்30: முப்பது வருடமாக நாற்று போடுகிறேன். மண் கலவையைச் சொல்லாமல் உரம் கேட்பது, உலையில் இருப்பது அரிசியா கம்பா என்று சொல்லாமல் ஏன் வேகவில்லை என்று கேட்பது மாதிரி. முதலில் ஒழுங்காகக் கேட்கப் பழகுங்கள்.

தோப்புக்காரன்: கல் மூங்கில், விதை நாற்று, மூன்று மாதம். அடி இலைதான் மஞ்சள். மண் நல்ல மண்தான் அண்ணா, பாதி செம்மண், பாதி தேங்காய் நார்க்கழிவு. பக்கத்து நார் மில்லில் சும்மா கொடுத்தார்கள்.

ஏரிக்கரை: மக்க வைத்ததா?

தோப்புக்காரன்: இல்லை, அப்படியே.

ஏரிக்கரை: அதுதான் சிக்கல். பச்சை நார்க்கழிவில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் பையில் இருக்கிற தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது, அடி இலை முதலில் மஞ்சளாகும். டிஏபியில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46, அதனால் நீங்கள் போட்டதில் பெரும்பகுதி மணிச்சத்துதான். செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழு உரம் 1 என்று கலந்து வேர் உடையாமல் பை மாற்றுங்கள். அதுவரை லிட்டருக்கு 5 கிராம் யூரியா கரைத்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

வேம்பு: மரத்துக்கு யூரியாவா?

நாற்றங்கால்30: மூங்கில் புல் வகை ஐயா.

வேம்பு: புல்லென்றால் வெட்ட எதற்கு அனுமதி கேட்டார்கள்?

நாற்றங்கால்30: அது பழைய கதை. 1927 வனச் சட்டத்தில் மரம் என்ற விளக்கத்துக்குள் மூங்கிலையும் சேர்த்திருந்தார்கள். 2017 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறினாலும் செடி அன்றும் புல்தான், இன்றும் புல்தான்.

ஏரிக்கரை: தோப்புக்காரரே, இருக்கிறீர்களா?

தோப்புக்காரன்: (பதினெட்டு நாள் கழித்து) 50 பை மட்டும் மாற்றினேன், பச்சை திரும்பிவிட்டது. மீதியை ஞாயிறு மாற்றுகிறேன். நார்க்கழிவு ஒரு லோடு கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?