வால்நட்சத்திரமா, எரிநட்சத்திரமா, சிறுகோளா? வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை:

இந்தப் பாடத்துக்கு எல்லோரும் போடுவது மூன்று கட்ட அட்டவணை. சிறுகோள் என்றால் பாறையும் உலோகமும், வால்நட்சத்திரம் என்றால் பனியும் தூசியும், எரிநட்சத்திரம் என்றால் காற்றில் எரியும் துணுக்கு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே வாரம் வானத்தில் ஒரு கோடு ஓடினால், "மிஸ், நேத்து வால்நட்சத்திரம் விழுந்துச்சு!" என்று வந்து நிற்பார்கள்.

அதனால் 'எதனால் ஆனது' என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதல் கேள்வி, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். எரிநட்சத்திரம் ஏறக்குறைய 80 முதல் 120 கி.மீ. உயரத்தில், நம் காற்று மண்டலத்துக்குள்ளேயே நடந்து முடிகிற விஷயம். 2020 ஜூலையில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த நியோவைஸ் வால்நட்சத்திரமோ பூமியை மிகவும் நெருங்கிய நாளிலும் சுமார் 10 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, "எது சட்டுனு ஓடி மறையும், எது வாரக்கணக்குல தெரியும்?" என்று கேட்டால் மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நியோவைஸ் வந்தபோது பள்ளிகள் மூடிக்கிடந்தன. வீட்டிலிருந்தே பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து வரைந்து அனுப்பச் சொன்னேன். ஒரு பையன் ஏமாற்றத்தோடு குரல்பதிவு அனுப்பினான்: "மிஸ், அது ஓடவே இல்ல, அப்படியே நிக்குது." சில நாள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபிறகு அவனே, "நகருது மிஸ், ஆனா ரொம்ப மெதுவா" என்றான்.

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்:

தூரத்திலிருந்து தொடங்குவது நல்ல யோசனை. என் வகுப்பில் தகராறு எப்போதும் வாலில்தான். ஓடுகிற வேகத்தில் வால் பின்னால் பறக்கிறது என்றே நினைக்கிறார்கள். ஒரு பந்தில் ரிப்பன்களை ஒட்டி, மேசை விசிறியைச் சூரியனாக நடுவில் வைத்து, பந்தோடு சுற்றிவரச் சொன்னேன். (விசிறியைப் பந்தின் பக்கமே திருப்பிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் அடிதடி.) சூரியனை விட்டு விலகிப் போகிற பாதியில் ரிப்பன் முன்னால் பறந்ததும் வகுப்பே சிரித்தது. "சார், வால் முன்னாடி போகுது, தலை பின்னாடி வருது!"

காரணத்தை அப்புறம்தான் சொன்னேன். சூரியனை நெருங்கும்போது பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிறது, கூடவே தூசியையும் கிளப்பிவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற வாயுவைச் சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்கள்) அடித்துச் செல்வதால் நேரான நீல வால். தூசியைச் சூரிய ஒளியே மெல்லத் தள்ளுவதால் வளைந்த, மஞ்சள் சாயல் கொண்ட வால்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "பனியெல்லாம் தீர்ந்துபோனா அப்புறம் அது என்ன சார்?" மீதி நேரம் முழுக்க இந்த ஒரு கேள்விக்கே போனது. போகட்டும், இதைவிட நல்ல கேள்வி பாடப் புத்தகத்தில் இல்லை. எரிநட்சத்திரப் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரங்கள் உதிர்த்த தூசியால் வருபவை. ஹாலி வால்நட்சத்திரம் அடுத்து வருவது 2061இல்தான், ஆனால் அது விட்டுச்சென்ற துணுக்குகளை ஒவ்வோர் அக்டோபரிலும் ஓரியானிட் பொழிவாகப் பார்க்கிறோம். டிசம்பர் மாத ஜெமினிட் பொழிவுதான் வம்பு பிடித்தது. அதன் மூலமான ஃபேத்தான், 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் மூலம் கண்டறியப்பட்டுச் சிறுகோள் என்று பட்டியலில் ஏறியது. புதனின் பாதையையும் தாண்டி உள்ளே போய், சுமார் 1.4 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. "அப்போ அது செத்துப்போன வால்நட்சத்திரமா?" என்றாள். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். 2022 செப்டம்பர் 26 அன்று நாசா வேண்டுமென்றே மோதவிட்ட டார்ட் விண்கலம் மோதியபின் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளுக்கும் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்குத் தூசி வால் முளைத்த கதையையும் சொன்னேன். "சார், அப்போ அட்டவணையை அழிச்சிடலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்:

சார், மேல்நிலைக்கு இது சரி. ஆறாம் வகுப்பில் ஃபேத்தானை இழுத்தால் அதுவரை கட்டியது சரிந்துவிடும். விதி மனதில் நின்றபிறகு விதிவிலக்கு வரட்டும்.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு நிகழ்ச்சி. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். கார் கேமராக்களில் பதிவான காட்சியை ஓட்டி, இடையிடையே நிறுத்தி, "இப்ப இதுக்கு என்ன பேரு?" என்று கேட்பேன். சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தவரை அது சுமார் 20 மீட்டர் அகலச் சிறுகோள். காற்றுக்குள் நுழைந்து ஒளிர்ந்தபோது எரிநட்சத்திரம். அந்த ஆண்டு அக்டோபரில் செபார்குல் ஏரியின் அடியிலிருந்து எடுத்த, அரை டன்னுக்கு மேல் எடையுள்ள துண்டு விண்கல். மூன்று பெயருக்கும் கல் ஒன்றுதான்.

ஒளி தெரிந்து நிமிடக் கணக்கில் ஆனபிறகே அதிர்வலை தரையை எட்டியது. காயமடைந்த ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோரை வெட்டியது சன்னல் கண்ணாடிதான். "வெளிச்சத்தைப் பார்த்தா சன்னல் கிட்ட போகக்கூடாது" என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அதே நாளில் வேறொரு சிறுகோள் சுமார் 27,700 கி.மீ. உயரத்தில் பூமியைக் கடந்தது. "ரெண்டும் அண்ணன் தம்பி சார்" என்று ஒருத்தி சாதித்தாள். உலக உருண்டையில் இரண்டும் வந்த வெவ்வேறு திசைகளை அம்புக்குறி போட்டு ஒட்டிக் காட்டியபிறகுதான் விட்டாள்.

வானியல் மன்றத் தன்னார்வலர்:

எங்களிடம் வருகிறவர்கள், விண்கல்லோ என்று ஒரு கல்லோடு வருவார்கள். பாதிக்கு மேல் உலைக்கழிவு (உலோகம் உருக்கும் உலையில் மிஞ்சும் கசடு). உள்ளே குமிழ் ஓட்டைகள் நிறைய இருந்தால் அநேகமாக விண்கல் இல்லை. மெல்லிய கருப்பு மேலோடும், அளவுக்கு மீறிய கனமும், காந்தத்தின் இழுப்பும் சேர்ந்து இருந்தால் மேற்கொண்டு ஆராயலாம். காந்தம் மட்டும் ஒட்டுவதை நம்பி யாரும் துள்ள வேண்டாம்.

இன்னொன்று, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் சிறுகோள் பட்டை. கப்பல்கள் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து தப்பிக்கும் சினிமாக் காட்சியை மனதிலிருந்து பிடுங்குவதுதான் பெரும்பாடு. பட்டை முழுவதையும் திரட்டினாலும் நிலாவின் நிறையில் சுமார் 3 விழுக்காடுதான். பயனியர் 10 தொடங்கி எத்தனையோ விண்கலங்கள் எதிலும் மோதாமல் அதைக் கடந்திருக்கின்றன. இதைச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடுகிறது, என்ன செய்ய!

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை:

செல்யாபின்ஸ்க் காணொளியை நானும் எடுத்துக்கொள்கிறேன், நன்றி சார். தேர்வில் 'வேறுபடுத்துக' கேட்பதையும் நிறுத்திவிட்டேன். "மாலையில் தெரிகிறது, இரண்டு வாரமாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, மங்கலாக ஒரு வால் உண்டு. இது என்ன, எப்படிச் சொல்கிறாய்?" என்று சூழலைக் கொடுத்துக் கேட்கிறேன். கடைசியில் 'உன் கேள்வி ஒன்றை எழுது' என்று ஓர் இடம். ஒருத்தி எழுதியிருந்தாள்: "1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரத்தின் துண்டுகள் வியாழனில் விழுந்தன. வியாழனில் நின்று பார்த்தால் அவை எரிநட்சத்திரங்களா?" வியாழனில் நிற்கத் தரையே இல்லையே, ஒரு மதிப்பெண் குறையுங்கள் என்றார் சக ஆசிரியர். முழு மதிப்பெண் போட்டேன்.