பிரேசிலில் பையான் வாசிக்கப் பழகிய அனுபவம்

பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ரெசிஃபே நகரில் வேலை காரணமாகத் தங்கியிருந்த காலத்தில், பையான் எனப்படும் அந்த வட்டாரத்தின் அக்கார்டியன் நடன இசையை ஒரு முதிய கலைஞரிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே இக்கருவிக்குச் சன்ஃபோனா என்று பெயர். ஊரில் மெல்லிசைக் குழுவில் பல ஆண்டுகள் அக்கார்டியன் வாசித்தவன் என்பதால் வலக்கை விரல்களுக்கு அந்த மெட்டுகள் சிரமமாக இல்லை. ஆனால் ஆசிரியர் என் வலக்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதல் நாள் ஒரே ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) அழுத்திப் பிடித்துக்கொண்டு, துருத்தியை மட்டும் இழுக்கவும் தள்ளவும் சொன்னார். அருகில் அவருடைய பேரன் ஸபும்பா என்னும் அகன்ற முரசைத் தோளில் மாட்டியபடி நின்று, மேல்தோலைத் தடித்த கோலாலும் கீழ்த்தோலை மெல்லிய குச்சியாலும் தட்டிக்கொண்டிருந்தான். பையான் தாளத்தின் ஒரு சுற்றில் உள்ள எட்டுத் துடிப்புகள் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகின்றன. நம் சொற்கட்டில் அது 'தகிட தகிட தக'. முரசின் கனத்த அடி முதல் துடிப்பிலும் நான்காம் துடிப்பிலும் விழுகிறது. அந்த நான்காம் துடிப்பில் துருத்தியைத் திசை திருப்பினால், விரல் அசையாமலே நாதத்தில் ஓர் அழுத்தம் பிறக்கிறது. அதைக் கேட்ட கணத்திலேயே இந்த இசையின் உயிர் துருத்தியை இயக்கும் இடக்கையில் இருப்பது எனக்குப் புரிந்துவிட்டது.

இதற்கு இடக்கைப் பக்கம் எட்டு பாஸ் (தாழ்ந்த சுர) பொத்தான்கள் மட்டுமே கொண்ட பழைய சிறிய சன்ஃபோனாதான் காரணம் என்று ஆசிரியர் விளக்கினார். அதில் ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரத்தையும் தள்ளும்போது வேறொரு சுரத்தையும் தரும்; ஆகவே மெட்டு நகர வேண்டுமானால் துருத்தி ஓயாமல் திரும்பியே ஆக வேண்டும். பெர்னம்புகோ மாநிலத்தின் எஷூ என்னும் ஊரில் 1912-ல் பிறந்த லூயிஸ் கொன்ஸாகா, அந்தச் சிறிய கருவியைத் தம் தந்தை ஜனுவாரியு வாசிக்கவும் பழுதுபார்க்கவும் கண்டு வளர்ந்தவர். பின்னாளில் ரியோ டி ஜெனிரோவில் 120 பாஸ் கொண்ட பெரிய அக்கார்டியனில் முதலில் வால்ட்ஸும் டாங்கோவும் வாசித்து வந்த அவர், 1940-களில் தம் ஊர் இசையை வானொலி வழியாக நாடெங்கும் கொண்டு சேர்த்தார். பெரிய கருவியில் திசை திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும் அந்தத் துடிப்பு கைவிடப்படவில்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது.

சுரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பையான் மெட்டுகள் ஹரிகாம்போதி ராகத்தின் சுரங்களில் நடக்கின்றன. சிலவற்றில் மத்தியமம் உயர்ந்து வாசஸ்பதி ராகத்தின் சுரவரிசை கிடைத்துவிடுகிறது. கமகமோ ராகப் போக்கோ அங்கு இல்லையென்றாலும், காதுக்கு உடனே பழகிப்போன சுரங்கள் என்பதால் மெட்டுகளை எழுதி வைக்காமலே மனத்தில் நிறுத்த முடிந்தது.

ஜூன் மாதத்தில் புனித யோவான் திருவிழாவுக்காக ஆசிரியருடன் கருவாரு நகருக்குச் சென்றேன். சன்ஃபோனா, ஸபும்பா, இரும்பு முக்கோணம் ஆகிய மூன்றே கருவிகள் கொண்ட குழுவில், அவர் இளைப்பாறிய வேளையில் ஒரு ஷோச்சி வாசிக்க எனக்கு இடம் கொடுத்தார்கள். ஷோச்சி பையானைவிட நிதானமானது; இணைகள் நெருங்கி நின்று ஆடுவார்கள். நின்றபடி வாசிக்கும்போது கருவியின் எடை முழுவதும் தோள்களில் இறங்குகிறது. இடக்கை மணிக்கட்டின் மேல் செல்லும் தோல்பட்டை சற்றுத் தளர்ந்திருந்தாலும் துருத்தி திரும்பும் அந்த நொடி பிசகிவிடும். ஆசிரியர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டையின் திருகை இறுக்கிவிட்டுச் சென்றார். அடுத்த சுற்றிலேயே ஆடுபவர்களின் காலடியும் முரசும் துருத்தியும் ஒன்றாக விழுந்தன.

தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் இதே கருவி கைத்தா என்ற பெயரில் முற்றிலும் வேறு நடைகளுக்கு உரியதாகிறது. அதை நான் கேட்டிருக்கிறேனே தவிரப் பழகியதில்லை. வடகிழக்கு நடையைப் பழக விரும்புவோர் கொன்ஸாகாவுடன் நிற்காமல், கரன்யுன்ஸ் ஊரில் பிறந்த டொமிங்கின்யோஸையும் (1941–2013), பரைபா மாநிலத்தின் சிவூகாவையும் (1930–2006) கேட்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். முதல் முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு, துருத்தி எந்தத் துடிப்பில் திரும்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.